பெல்ஃபாஸ்ட்டில் நமக்குக் கிடைத்த ஒரு பகல்

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு வீட்டில் நடந்த கல்யாணப் பேச்சுதான் காரணம். நல்லபடியாக முடிந்து நாளும் குறித்தாயிற்று, விவரங்களைத் தனியாக எழுதுகிறேன். இன்று வேறெதையும் எழுத மனம் ஓடவில்லை. கப்பல் நிறுவனத்திடமிருந்து நேற்று ஓர் அறிவிப்பு வந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இரவு எட்டு மணி வரை நிற்பதாக இருந்த நம் சுற்றுலாக் கப்பல் மாலை ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுமாம். காலை எட்டு மணிக்குத் துறை சேர்வதில் மாற்றம் இல்லை. நான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அந்த ஒரு துறைமுகத்துக்காக என்பது உனக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தை இப்படி ஒரு வரியில் பறித்துவிட்டார்களே என்று நேற்று முழுவதும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

நீ அனுப்பிய பட்டியலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். காலையில் டைட்டானிக் அருங்காட்சியகம், பிறகு கடலோரச் சாலை வழியாகக் கயிற்றுப் பாலம், அடுத்து வடகடற்கரையில் கல் தூண்கள் நிறைந்த ஜயண்ட்ஸ் காஸ்வே, திரும்பும் வழியில் டன்லூஸ் கோட்டை, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் வந்த பீச் மரச் சாலை. விடுதிக் காலத்திலிருந்தே உன் பட்டியல்கள் இப்படித்தான்; ஊட்டிப் பயணத்தை நினைத்துக்கொள், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அன்பே, இவற்றில் நான்கை அடித்துவிடு. முழுப் பகலையும் அந்தக் கல் தூண்களுக்கே கொடுத்துவிடுவோம். ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நேரக் கணக்கு. கப்பல் எட்டு மணிக்குத் துறை சேர்ந்தாலும் இறங்கு பாலம் திறந்து, கூட்டம் நகர்ந்து, நாம் வண்டியில் ஏற எட்டே முக்கால் ஆகிவிடும். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து காஸ்வே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பலிமீனா, பலிமனி வழியாகச் செல்லும் உள்நாட்டு நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்தேகாலுக்கு அங்கே இருக்கலாம். ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படுகிறது என்றால் நாலரைக்கெல்லாம் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஒன்றேமுக்காலுக்குக் கற்களை விட்டுக் கிளம்பினால் மூன்றேகாலுக்குத் துறைமுகம். சாலையில் விபத்தோ நெரிசலோ ஏற்பட்டால் தாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். இந்த இருப்பில் மட்டும் கைவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மிஞ்சுவது கற்களோடு மூன்றரை மணி நேரம். நீ சொல்லும் கடலோரச் சாலை மிக அழகானதுதான், ஆனால் குன்றும் வளைவுமாகச் சுற்றிச் செல்லும் அந்த வழியில் போனால் இந்த மூன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி வண்டியிலேயே கரைந்துவிடும்.

கப்பலின் சொந்தக் கரைச் சுற்றுலாவிலேயே போய்விடலாமே என்று நம்மோடு வரும் அக்கா கேட்டதாக எழுதியிருந்தாய். அதில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஆனால் அந்தப் பேருந்து கோட்டையருகே ஒரு நிறுத்தம், கடையருகே ஒரு நிறுத்தம் என்று போகிறது, கற்களுக்கு விடும் நேரமோ மிகக் குறைவு. அக்காவின் நடைக்கு அந்த நேரம் இறங்கிப் போய் ஏறி வருவதற்கே சரியாகிவிடும். ஓட்டுநருடன் ஒரு காரை நாமே அமர்த்திக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கப்பலைத் தவறவிடும் நிலையே வந்தாலும் அடுத்த துறைமுகம் டப்ளின். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். பிரிட்டன், அயர்லாந்து இரண்டுக்கும் நம்மிடம் விசா இருக்கிறது. ஆகவே கடவுச்சீட்டுகளை அறையில் வைத்துவிட்டு வராமல் கையில் எடுத்துக்கொள்வோம். பெல்ஃபாஸ்ட்டில் செல்வது பவுண்டு, டப்ளினில் யூரோ என்பதையும் அக்காவிடம் சொல்லிவை.

இப்போது கற்களுக்கு வருகிறேன். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் விலகி வட அட்லாண்டிக் கடல் திறந்துகொண்டிருந்த காலத்தில், காஸ்வே இருக்கும் அன்ட்ரிம் பகுதியின் வெண்சுண்ணப் பாறைகளைப் பிளந்துகொண்டு எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் வழிந்து பரவியது. முதற்கட்டக் குழம்பு ஆறி இறுகிய பிறகு ஒரு நீண்ட அமைதிக் காலம் வந்தது. அன்று அங்கே வெப்பமும் மழையும் மிகுதி. பாறையின் மேற்பகுதி சிதைந்து செந்நிறமாயிற்று, ஆறுகள் அதை அரித்துப் பள்ளத்தாக்குகளை வெட்டின. பிறகு வந்த குழம்பு அப்படியொரு பள்ளத்தாக்கில் போய்த் தேங்கியது. தேங்கியதால் ஆழமாக நின்றது, ஆழமாக நின்றதால் மெல்ல ஆறியது. வற்றிய ஏரியின் வண்டல் சுருங்கி வெடிப்பதுபோல, சூடு தணிந்த பாறையும் சுருங்கி வெடித்தது. அந்த வெடிப்புகள் மேலிருந்தும் கீழிருந்தும் உள்நோக்கி இறங்கிக்கொண்டே போனதால் தூண்கள் உண்டாயின. குறைந்த அளவு வெடிப்பில் சுருக்கத்தின் இறுக்கம் தீர வேண்டும் என்றால் அதற்கு வாகான வடிவம் அறுகோணம். ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் உள்ளவையும் உண்டு, ஆனாலும் ஆறு பக்கத் தூண்களே மிகுதி. இப்படி ஏறத்தாழ 40,000 தூண்கள் அங்கே நிற்கின்றன. பாறை எந்த வெப்பநிலையில் வெடிக்கத் தொடங்குகிறது என்பதை ஐஸ்லாந்தின் எரிமலைத் தூண்களைக் கொண்டு சோதித்த லிவர்பூல் பல்கலைக்கழகத்தார், அது 840 முதல் 890 டிகிரி செல்சியஸுக்குள் நிகழ்கிறது என்று 2018இல் வெளியிட்டார்கள். கை பட்டால் சில்லென்றிருக்கப்போகும் அந்தக் கல் அவ்வளவு சூட்டில் இருந்தபோதே தன் வடிவத்தை அடைந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நான் மூன்றரை மணி நேரம் கேட்பது, போனதும் கண்ணில் படாதவற்றுக்காக. தூண்கள் ஒரே நீளக் கல்லாக இல்லை. குறுக்கே துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு துண்டின் குழிந்த முகத்தில் அடுத்ததன் புடைத்த முகம் பொருந்தி உட்கார்ந்திருக்கும். மேல்துண்டை அலை பெயர்த்தெடுத்த இடங்களில் குழிந்த முகம் வானம் பார்த்துத் தண்ணீர் ஏந்தி நிற்கும். குனிந்து நின்று பார்த்தால்தான் இது புலப்படும். சற்றுத் தள்ளிக் குன்றின் பக்கவாட்டில் குழல் வாத்தியத்தின் பெயரால் ஆர்கன் என்று அழைக்கப்படும் தூண்வரிசை உயர்ந்து நிற்கிறது. அங்கே 12 மீட்டர் உயரம் வரை தூண்கள் உண்டு. அப்பால் குன்றின் முகத்தில் ஒரு சிவப்புப் பட்டை ஓடும். நான் சொன்ன அமைதிக் காலம் அதுதான். நம் மேற்குக் கடற்கரையில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் செம்புரைக்கல்லும் அதே வகைச் சிதைவில் பிறந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்து, 1807இல் வெளியான தன் நூலில் விவரித்தது அதைத்தான். அயர்லாந்தின் குளிர்க் கடற்கரையில் நம் வெயிலையும் மழையையும் அறிந்த ஒரு மண்ணடுக்கு இருக்கிறது என்பதற்காகவே நான் கப்பலேறுவேன்.

உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் கற்களை உலகம் அறியச் செய்தவர் ஒரு பெண் ஓவியர். டப்ளினைச் சேர்ந்த சூசானா டிரூரி அங்கே வந்திருந்து வரைந்த ஓவியங்களுக்கு 1740இல் டப்ளின் சங்கம் 25 பவுண்டு பரிசளித்தது. அவற்றின் அச்சுப் பிரதிகள் ஐரோப்பா முழுவதும் பரவின. பாறையெல்லாம் கடல்நீரில் படிந்து உண்டானவையா, நெருப்பில் பிறந்தவையா என்று அறிஞர்கள் சண்டையிட்ட காலத்தில், பிரான்சின் நிக்கொலா தெமரே அந்தப் பிரதிகளைப் பார்த்து இது எரிமலையின் வேலை என்று எழுதினார். ஓர் ஓவியம் துல்லியமாக இருந்ததால் ஒரு விஞ்ஞானி அதை நம்பிப் பேச முடிந்தது. நீ வரைவதை நிறுத்தி எத்தனை காலமாயிற்று என்று நான் கணக்குக் கேட்கப்போவதில்லை, ஆனால் ஓவியக் குறிப்பேடு இல்லாமல் நீ கப்பலேறினால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். வார்டன் அறை வாசலில் உட்கார்ந்து நீ வரைந்த படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இனிச் சற்றுக் கவலையான செய்தி. அக்காவின் முழங்கால். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் வரை சுமார் ஒரு கிலோமீட்டர் இறக்கம். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். ஒரு சிறு பேருந்து கட்டணத்துக்கு ஏற்றிச் செல்கிறது. போகவும் வரவும் அதிலேயே அவர் வரட்டும். குன்றின் மேல்வழியாகப் போய் மேய்ப்பர் படிகளில் இறங்குவதைப் பற்றி அவர் காதில் விழும்படி பேசாதே; 162 படிகள், வீம்புக்கு இறங்கிவிடுவார். கற்களின் மேல் நடப்பதுதான் என் பெரிய அச்சம். கரையோரம் கருத்து ஈரமாகத் தெரியும் கல்லில் பாசி படிந்திருக்கும். அதில் கால் வைக்கவே கூடாது. அமைதியாக இருக்கும் கடலிலிருந்து அட்லாண்டிக்கின் பேரலை ஒன்று திடீரென்று எழுந்து வருவதும் உண்டு, எனவே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கும் வழக்கத்தை அன்று ஒருநாள் நாமும் விட்டுவிடுவோம். அக்காவைக் காய்ந்த கற்களோடு நிறுத்திக்கொண்டு, நாம் இருவரும் மாறி மாறி அவரருகில் இருந்தால் போதும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வெளியூர் வருவது இதுவே முதல்முறை. அவர் விழுந்துவிடக் கூடாது. அதே சமயம் தன்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள் என்றும் அவருக்குத் தோன்றக் கூடாது. இதை யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது.

அவரிடம் அயர்லாந்து ராட்சதன் ஃபின் மக்கூலின் கதையை முன்னதாகவே சொல்லிவிடு. ஸ்காட்லாந்து ராட்சதன் பெனன்டோனரோடு சண்டையிட ஃபின் கடலில் பாதை போட்டான்; வந்தவனின் பருமனைக் கண்டு நடுங்கினான். அவன் மனைவி அவனைக் குழந்தைபோலத் துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தினாள். குழந்தையே இவ்வளவு பெரிதென்றால் தகப்பன் எப்படியிருப்பான் என்று அஞ்சிய பெனன்டோனர், பாதையை உடைத்துக்கொண்டே ஓடிப்போனான். மறுமுனையான ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதேபோன்ற தூண்கள் இருக்கின்றன. அந்த மனைவியின் சாமர்த்தியம் அக்காவுக்கு மிகவும் பிடிக்கும்.

காசு விஷயத்தையும் நீதான் அவரிடம் பேச வேண்டும். ஆற்றையோ குளத்தையோ கண்டால் வேண்டிக்கொண்டு காசு போடாமல் அவர் நகர்ந்ததில்லை. அங்கே நாற்காலிபோல அமைந்த தூண் ஒன்று வேண்டுதல் நாற்காலி என்றே பெயர் பெற்றது. பலர் கல்லிடுக்குகளில் காசுகளைச் செருகிவிட்டுப் போகிறார்கள். உப்புக் காற்றில் அவை துருப்பிடித்து மூன்று மடங்கு வரை தடித்து, பாறையின் விளிம்பை நெட்டித் தள்ளி உடைக்கின்றன. கறை வேறு வழிகிறது. அவ்விடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2025இல் இதைக் கைவிடும்படி பார்வையாளர்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அவ்வளவு காலம் கடலைத் தாங்கிய கல் ஒரு சில்லறைக் காசால் பிளப்பது எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மனத்துக்குள் வேண்டிக்கொள்ளட்டும்.

மழையும் காற்றும் வலுத்துப் போகவே முடியாவிட்டால் அழுதுகொண்டு கப்பலில் இருக்க வேண்டாம். பெல்ஃபாஸ்ட்டிலேயே அல்ஸ்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. சூசானா டிரூரியின் ஓவியங்களும், 1588இல் காஸ்வே அருகே லக்காடா முனையில் மோதி மூழ்கிய ஸ்பானியக் கப்பல் ஜிரோனாவின் பொன் அணிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். 1967இல்தான் மூழ்கு வீரர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். டைட்டானிக்கைக் கட்டிய கப்பல் கட்டும் தளத்தின் இரண்டு மஞ்சள் பாரந்தூக்கிகள் நம் கப்பலின் மேல்தட்டிலிருந்தே தெரியும் என்பதால் அக்காவுக்கு அந்தக் குறையும் ஓரளவு தீரும்.

ஓட்டுநருக்கு இந்த வாரக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும். மூவருக்கும் வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணிகளை இங்கேயே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அக்காவின் கால் அளவையும், பட்டியலில் நான்கை அடித்துவிட்டாயா என்பதையும் உடனே எழுது. கயிற்றுப் பாலம் மட்டுமாவது வேண்டும் என்று நீ வாதாடுவாய் என்று தெரியும்; வாதாடு, ஆனால் எந்த அரைமணி நேரத்தை அதற்குக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே எழுது.

அன்புடன்,
உன் தோழி