பிற்போட்டதா, கைவிட்டதா?

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நீ, அந்தப் பயணத்தை ஆங்கிலத்தில் ‘கோல் ஓஃப்’ (call off) செய்துவிட்டதாகப் போன கிழமை எழுதியதை வாசித்து, இனி நீ வரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கென்று இடித்து வைத்திருந்த மிளகாய்த்தூளில் பாதியை அவர் அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நேற்றுத் தொலைபேசியில் ஆவணியில் வருவதாகச் சொல்கிறாய். அப்படியானால் நீ எழுதியிருக்க வேண்டியது ‘புட் ஓஃப்’ (put off).

நடக்கவிருந்ததை முற்றாகக் கைவிடுவது ‘கோல் ஓஃப்’. அதையே பிந்திய நாளொன்றுக்குப் பிற்போடுவது ‘புட் ஓஃப்’. இரணைமடுக் குளத்துச் சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்தைப் பிற்போட்டால் விதைநெல்லை வைத்துக்கொண்டு காத்திருப்போம். சிறுபோகமே கைவிடப்பட்டால் அந்த நெல்லைக் குற்றிச் சோறாக்கிவிடுவோம். ‘புட்’ என்றால் போடு. நம்முடைய ‘பிற்போடு’ என்ற சொல்லிலும் அந்தப் ‘போடு’ இருப்பதால், இதை நீ மறப்பதற்கு நியாயமே இல்லை. ஆனால் இந்தப் பொருத்தத்தை எல்லா இடத்திலும் நம்பிவிடாதே. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. அதில் எதையும் எங்கும் போடுவதில்லை. நமது ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லை விடு, கொடு என்று பிரித்துப் பார்க்கும் வெள்ளைக்காரனும் இப்படித்தான் திகைப்பான்.

பெயர்ச்சொல்லை ‘ஓஃப்’ என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘இட்’ போன்ற சுட்டுப்பெயரோ நடுவில்தான் நிற்கும். ஆகவே ‘புட் இட் ஓஃப்’ சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை. அடுத்து வினை வருமானால் ‘புட் ஓஃப் கோயிங்’ என்றே எழுத வேண்டும். ‘டு கோ’ என்று எழுதிய கொப்பிகளை எத்தனை வருடம் சிவப்பு மையால் திருத்தினேன் என்பது உனக்குத் தெரியும், அவற்றில் உன்னுடையதும் ஒன்று.

இன்னொரு பொருளும் உண்டு. உன்னோடு முன்பு வந்த நண்பர், கருவாட்டுக் குழம்பின் மணம் பட்டதும் சாப்பாட்டில் மனமில்லாமல் எழுந்தாரே, அந்த மணம் அவரை ‘புட் ஓஃப்’ செய்தது என்பார்கள். அங்கே நாளுமில்லை, பிற்போடுதலும் இல்லை. விருப்பம் அற்றுப்போகச் செய்வதுதான் பொருள். ஆனால் குத்துவிளக்கை அணைப்பதற்கு வேண்டியது ‘புட் ஓஃப்’ அல்ல, ‘புட் அவுட்’.

பயணச்சீட்டு எடுத்ததும் திகதியை எழுது. மறுபடி மிளகாய் வறுக்க அம்மா நாள் கேட்கிறார்.

இப்படிக்கு,
அன்பு அப்பா