பக்கத்து மேசைக்காரருக்கு நன்றி

இடைக்கால லத்தீன் பிரசங்கச் சுவடிகளைப் படிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதற்கு வழிகாட்டியவரின் பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

ஆய்வு மாணவனாக, விலங்குத் தோலில் எழுதிய 13ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிரசங்கம் பாதி வாக்கியத்தில் எங்கோ தாவியது. படியெடுத்தவர் தூங்கிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "எழுத்தை விடுங்கள், தோலைப் பாருங்கள்" என்றார்.

சுவடியை விரித்தால் மயிர்ப் பக்கத்துக்கு (தோலில் மயிர் இருந்த வெளிப்பக்கம்) எதிரே மயிர்ப் பக்கமும், சதைப் பக்கத்துக்கு (உடலை ஒட்டியிருந்த உள்பக்கம்) எதிரே சதைப் பக்கமும் வருவதுதான் வழக்கமாம். (இதுகூடத் தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன்!) நான் தடுமாறிய இடத்தில் இடது பக்கம் மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருந்தது, வலது பக்கம் வெளுப்பாக, வழவழவென்று. மயிர்ப் பக்கத்துக்கு எதிரே சதைப் பக்கம் என்றால், இடையில் ஏதோ ஓர் ஏடு இல்லை. தையலோரம் குனிந்து பார்த்தால், நகத்தின் அகலத்துக்கு ஒரு தோல் விளிம்பு. யாரோ ஓர் ஏட்டைக் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

என் ஆய்வேட்டின் பாதி அந்த விளிம்பிலிருந்து வந்தது. அப்புறம் வேலை, வகுப்பு எல்லாம்.

மறுநாளும் அதே மேசையில் காத்திருந்தேன், நீங்கள் வரவில்லை. ரொம்ப நன்றி ஐயா. அந்த ஏடு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.