காயங்களை எண்ண வேண்டிய மாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களுக்கு மருத்துவ, செவிலிய, சமூகப்பணி மாணவர்கள் கேள்வித்தாளுடன் வந்து, நலமேம்பாடு, நோய்த்தடுப்பு என்னும் தலைப்புகளில் ஆய்வு செய்து செல்கிறார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், வீடு காட்டுவதற்காகப் பலமுறை அவர்களுடன் நடந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை. கேட்கும் கேள்வியிலும் வரும் காலத்திலும்தான் குறை.

கடற்பாசி எடுக்கும் பெண்ணொருவரிடம், "தினமும் அரை மணி நேரமாவது உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று தாளில் இருந்தபடியே ஒரு மாணவி கேட்டார். விடியுமுன் படகேறிப் போய், மணிக்கணக்கில் மூச்சடக்கி முங்கிப் பாசி பறித்து, அப்போதுதான் கரையேறியிருந்த அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "இல்லம்மா" என்றார்; மாணவியும் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டார். விரல்களில் சுற்றியிருந்த கந்தல் துணியை அவர் அவிழ்த்தபோது, பாறை கிழித்த வெட்டுகள் உப்புநீரில் ஊறி வெளுத்திருந்தன. அவற்றைப் பதிய அந்தத் தாளில் கட்டமே இல்லை.

காயங்களைப் பற்றிக் கேட்ட ஓர் ஆய்வும் வந்தது. ஆனால் கல்லூரிக்கு வசதியான மே மாதத்தில் வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்க, வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களிடம் "கடந்த ஒரு மாதத்தில் காயம் ஏற்பட்டதா?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

விபத்தைத் தலைவிதி என்று விடாமல், நிகழ்வதற்கு முன், நிகழும்போது, நிகழ்ந்த பின் என மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று காட்டியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன். அவர் சாலை விபத்துகளை மனத்தில் வைத்துச் சொன்னது எங்கள் படகுகளுக்கும் பொருந்தும். மடி வலையை இழுக்கும் விஞ்சுக்கு (கயிறு சுருட்டும் இயந்திரத்துக்கு) மறைப்பு உண்டா, கயிற்றில் கை சிக்கினால் இயந்திரத்தை உடனே நிறுத்த ஆள் எங்கே நிற்கிறார், கரை சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று மாணவர்கள் எண்ணட்டும்.

திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால், அடிபட்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடங்கள் வைத்திருந்தால் வலி தணியும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அந்த முள்ளின் நஞ்சு வெப்பத்தில் சிதையக்கூடியது. நான் கண்டதோ சுண்ணாம்பு தடவுவதைத்தான். சமைக்க அடுப்புள்ள படகில் இந்த வெந்நீர் வைத்தியம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே ஓர் ஆய்வுக்குப் போதும். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கானது, கடற்பாம்புக்கானதன்று என்பதும் வலை உதறுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு 2 மாத ஆய்வுத் திட்டத்தை 1979 முதல் நடத்திவருகிறது. 2022 முதல் நம் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆகவே விடுமுறையைப் பார்த்து வர வேண்டிய கட்டாயம் இனி இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஆய்வு முடிவை எங்கள் ஊருக்கு வந்து படித்துக்காட்டியவர் ஒருவருமில்லை. தொகுத்துக் கட்டிய நூல் கல்லூரி அலமாரிக்குப் போகும் முன், மீன் ஏலம் முடிந்த ஒரு காலையில் அதே ஏலக்கூடத்தில் அரை மணி நேரம் அதை விளக்க வேண்டும் என்று கல்லூரிகள் விதியாகவே வைக்கலாம்.

அடுத்த குழு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வரட்டும். பெண்கள் பாசிக்குப் போகும் நாளாகப் பார்த்து, அவர்கள் கரையேறும் நேரத்தில் வரட்டும். வீடு காட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாம்பன்.