ஓரத்தில் விழுந்த எண்கள்

மாட்டுங்கா, மும்பை
ஜனவரி 4

அன்புள்ள குட்டிம்மா,

போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நீ கூப்பிட்டாலே அப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத சமாசாரம், அதனால்தான் கடிதம். என்ன எழுதினாள் என்று அவர் கேட்டால், வடாமுக்கு அளவு எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு.

தீபாவளிக்கு வந்தபோது பீரோவிலிருந்து பழைய ஃபிலிம் காமிராவை, அந்த பென்டாக்ஸ் கே1000ஐ, எடுத்துக்கொண்டு போனாயே, அதோடு ஜெய்சல்மேர் போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காமிராவுக்கு ஒன்றும் ஆகாது. 1976இல் வந்த மாடல், 1997 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்தார்கள். பாட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும், வெளிச்சம் காட்டும் முள்தான் படுத்துவிடும். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் வழி. அப்புறம், இத்தனை மும்பை மழையிலும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கவில்லை என்றால் அதற்கு என் பழைய இரும்பு வாணலிதான் காரணம். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நீலத்திலிருந்து ரோஸாக மாறியதும் வாணலியில் போட்டு வறுப்பேன், திரும்ப நீலமாகும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாரா வாரம் இதே வேலை. அந்த வாணலியில் மட்டும் எதையும் தாளித்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் கல்யாணத்துக்கு, 1985இல், குவைத் மாமா அந்தக் காமிராவையும் இரண்டு கலர் ரோலையும் கொண்டுவந்தான். அடுத்த ஜனவரியில் நானும் அப்பாவும் ராஜஸ்தான் போனோம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு அப்போது மீட்டர் கேஜ் ரயில், ராத்திரி முழுக்க ஆட்டம். முதல் ரோல் ஜோத்பூர் கோட்டையிலேயே தீர்ந்துவிட்டது. அப்பா பெல்பாட்டத்தோடு நிற்கும் படம் அதில் எடுத்ததுதான். (ஊரே அதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.)

இரண்டாவது ரோலை மாட்டியது நான். ஜெய்சல்மேரிலிருந்து சம் மணல்மேட்டுக்கு நாற்பது கிலோமீட்டர். ஜீப் குலுங்கிக்கொண்டே போகிறது. மணல் புகக் கூடாதென்று முந்தானையால் காமிராவை மூடிக்கொண்டு, உள்ளே கையை விட்டு, ஃபிலிம் நுனியை எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகி, மூடியைச் சாத்திவிட்டேன். பல்சக்கரத்தில் ஃபிலிம் ஓரத்துத் துளைகள் உட்கார்ந்தனவா என்று பார்க்கவில்லை.

அன்றைக்கு எடுக்காத படமில்லை. ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். அப்பா சாய்ந்து, அப்படியே மணலில் விழுந்தார். அதையும் எடுத்தேன். இன்றுவரை "விழவில்லை, இறங்கினேன்" என்கிறார். ராவண்ஹத்தா வாசித்த பெரியவரை எடுத்தேன். சூரியன் இறங்கும்போது அப்பா என்னை எடுத்தார், சிரிக்கச் சொல்லாமல் அவர் எடுத்த ஒரே படம் அது.

36 படத்தோடு ரோல் தீர்ந்திருக்க வேண்டும், அதைத் தாண்டியும் ஃபிலிமை நகர்த்தும் லிவர் சுகமாக நகர்ந்தது. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. அறைக்கு வந்து ரோலைத் திருப்பிச் சுற்றினால் கையில் இழுவையே இல்லை. நுனி நழுவி, ரோல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கல்யாணமாகி மூன்று மாதம், என் அண்ணன் கொடுத்த காமிரா, மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ. வாயைத் திறக்கவில்லை.

இங்கே வந்து நம் தெருமுனை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தோம். நெகட்டிவ் முழுக்க ஒன்றுமில்லாமல் வந்தது. அப்பா கடையில் நின்று கத்தினார், கழுவத் தெரியாதவனுக்கு எதற்குக் கடை என்று. கடைக்காரர் பதில் பேசாமல் நெகட்டிவை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஓரமாக விரலை ஓட்டினார். ஓரத்தில் கம்பெனிப் பெயரும் 1, 2, 3 என்று எண்களும் பளிச்சென்று விழுந்திருந்தன. அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை, ரோலைக் கழுவும்போதுதான் தெரியும். கழுவியதில் தப்பு இருந்தால் எண்களும் வந்திருக்காது. எண் இருக்கிறது, படம் இல்லை என்றால் ஃபிலிம் நகரவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போய் ஒரு புது ரோலைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதே வருஷம் பிறந்த உன் அண்ணனைத் தொட்டிலில் எடுத்த படங்கள் அந்த ரோலில்தான் இருக்கின்றன.

கடை போய் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அப்பா இன்னும் அந்தப் பக்க நடைபாதையில் நடப்பதில்லை. பூ வாங்கக்கூடத் தெருவைக் கடந்துதான் போகிறார்.

அதனால் சொல்கிறேன், ரோலை ஜீப்பில் மாட்டாதே, அறையிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பு. மேலேயும் கீழேயும் துளைகள் பல்லில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மூடு. மூடியதும் இடது பக்கத்துக் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் லேசாகத் திருப்பித் தொய்வை எடு. அப்புறம் ஒவ்வொரு முறை லிவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் நீ எடுப்பது காற்றை. கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் ஃபிலிம் 2009இல் நின்றபோது, கடைசியாகத் தயாரான ரோலை ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரரிடம் கொடுத்தார்கள். அதில் கொஞ்சத்தை நம் மும்பையிலும் ராஜஸ்தானிலும் எடுத்தார். அந்த மனிதர் குமிழை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மணலில் முள்ளை நம்பாதே. அந்தப் பளபளப்பைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று அது சொல்லும், நீ குறைத்தால் மணல் சாம்பலாகும், முகம் கறுத்துவிடும். உன் உள்ளங்கையை வெயிலில் காட்டி முள்ளைப் பார், அதிலிருந்து வெளிச்சத்தை ஒரு படி கூட்டு. முள்ளே இல்லாவிட்டாலும் 200 ஐஎஸ்ஓ ரோலுக்கு நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் 250, லென்ஸ் துவாரம் எஃப் 16. கண் கூசும் மணல்மேட்டில் எஃப் 22. இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் 16இலேயே விட்டுவிடு. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால் தாங்காது.

லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊது, துடைக்காதே. துப்பட்டாவால் துடைத்தால் கோடு விழும், என் முந்தானையால் ஏற்கெனவே ஒன்று விழுந்திருக்கிறது. ஏர்போர்ட்டில் ரோலைப் பெரிய பெட்டியில் போடாதே, அந்த எக்ஸ்ரே பலமானது. கையில் வைத்துக்கொண்டு, மெஷினில் விடாமல் கையாலேயே பார்க்க முடியுமா என்று கேள்.

சம்முக்குப் போனால், ஒட்டகம் எழுந்திருக்கும் அந்த நொடியை எனக்காக ஒன்று எடுத்துக்கொண்டு வா. யார் விழுந்தாலும் சரி.

படங்களை வாட்ஸப்பில் அனுப்பு, அப்பாவுக்கும் காட்டுகிறேன். நெகட்டிவை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதே. காடராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பொடி எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா