வேடமும் அதன் உறையும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே புதிதாகப் படிக்க வந்திருக்கும் நம் ஊர் மாணவிகளிடம், அக்டோபர் 31 இரவில் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பற்றிப் பேசப் போவதாக எழுதியிருந்தாய். உடல் தெரிய உடுத்தும் வேடங்களைப் பெண்ணியம் ஏற்கிறதா எதிர்க்கிறதா என்பதுதானே உன் கேள்வி? இரண்டு பக்கமும் பெண்ணியவாதிகள் நிற்கிறார்கள். ஆனால் உடுத்தியவளிடமிருந்து தொடங்கினால் பேச்சு நேராக ஒழுக்கத்தில் போய் முட்டிக்கொள்ளும். வேடத்தை அடைத்துக் கடையில் தொங்கவிட்டிருக்கும் உறையிலிருந்து தொடங்கு.

தீயணைப்பு வீரர் வேடத்தை எடுத்துக்கொள். ஆணுக்கான உறையில் முழுக்கைக் கோட்டு, கால்சட்டை, தொப்பி. பெண்ணுக்கானதில் பெரும்பாலும் தொடையோடு நின்றுவிடும் கவுன், ஒரு பெல்ட், ஒரு சின்னத் தொப்பி. படத்தில் அவள் போட்டிருக்கும் நீளக் காலுறையைத் தனியாக வாங்க வேண்டும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். போனும் சாவியும் வைக்க ஒரு பை கூடத் தைத்திருக்க மாட்டார்கள். மருத்துவர், விமானி, காவலர், எந்த வேலையானாலும் பெண் என்றதும் முன்னால் ‘செக்ஸி’ ஒட்டிக்கொள்கிறது. அவள் தேர்ந்தெடுக்கிறாள், உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் என்ன தொங்க வேண்டும் என்பதை வேறு யாரோ முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான்.

இது சிறுமியரிடமே ஆரம்பித்துவிடுகிறது. சமூகவியலாளர் ஏடி நெல்சன் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 469 குழந்தை வேடங்களையும் தையல் மாதிரிகளையும் பார்த்தார். இருபாலரும் அணியும்படி இருந்தவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

விரும்பியபடி உடுத்துவது பெண்ணின் உரிமை என்னும் மறுபக்கத்தையும் முழுதாகச் சொல். 2011 ஜனவரியில் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு பற்றிப் பேச வந்த ஒரு காவலர், தாக்கப்படாமல் இருக்க வேண்டுமானால் பெண்கள் வேசிகளைப் போல உடுத்தக் கூடாது என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் ‘ஸ்லட்’. ஏப்ரல் 3 அன்று அந்த வசைச்சொல்லையே பெயராக்கி ‘ஸ்லட்வாக்’ ஊர்வலம் கிளம்பியது. குட்டைப் பாவாடை யாருக்கும் அனுமதிச் சீட்டு அல்ல. இதில் உன் மாணவிகளுக்குத் துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது.

1998-இல் வந்த ஒரு சோதனையையும் சொல்லலாம். கண்ணாடி இருக்கும் அறையில் நீச்சலுடையோ ஸ்வெட்டரோ அணிந்துகொண்டு கணக்குப் போட வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது, ஆண்களுக்குக் குறையவில்லை. தன் உடலைத் தானே வெளியே நின்று கண்காணிப்பதில் கவனம் செலவாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அது தனி அறையில் நடந்த சோதனை. தோழிகளோடு ஆடும் இரவுக்கு அதை அப்படியே பொருத்திவிடாதே.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணைக் காட்டுவதாகத் தோல் குஞ்சமும் இறகும் வைத்த ‘இந்தியப் பெண்’ வேடம். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 2016-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பூர்வகுடிப் பெண்களில் 56.1 விழுக்காட்டினர் வாழ்நாளில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்களையே காமப்பொருளாக்கி விற்கும் உடையை ‘என் விருப்பம்’ என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

இனி வேலை. முழு உடை வேண்டும் என்பவள் ஆண்களுக்கான சிறிய அளவை வாங்கட்டும். தோள் இறங்கி நிற்கும். இரு பக்கமும் 2, 3 செ.மீ. உள்ளே பிடித்து ஊசி குத்தி, கையை மேலே தூக்கிப் பார்த்த பிறகே தைக்க வேண்டும். பார்க்காமல் வெட்டினால் அக்குள் இறுகிக் கையைத் தூக்கவே முடியாது. குட்டைக் கவுன்தான் பிடித்திருக்கிறது என்றால் அதையே வாங்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வாங்கச் சொல், உட்கார்ந்தால் விளிம்பு நன்றாக மேலேறும். அடியில் 80 டெனியர் டைட்ஸ், அதாவது இடுப்புவரை ஒட்டி நிற்கும் தடித்த காலுறை, போட்டால் குளிருக்கு ஆகும், ஆனால் கவுனின் பாலியஸ்டரும் டைட்ஸின் நைலானும் உரசி மின்னேறி, நடக்க நடக்கத் துணி மேலே சுருளும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பருத்தி உள்பாவாடை ஒன்று போதும். பக்கத் தையலை 14 செ.மீ. பிரித்து உள்ளே ஒரு பையும் வைத்துவிடலாம், போன் அடங்கும். கவுன் உடம்போடு ஒட்டியிருந்தால் மட்டும் பை புடைக்கும். அதற்கு இடுப்பில் கட்டும் சுருக்குப் பைதான் சரி.

கூட்டத்துக்கு ஒரே வேலையின் ஆண் உறை ஒன்று, பெண் உறை ஒன்று கொண்டுபோ. பின்பக்கத்தை மாணவிகளே சத்தமாக வாசிக்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
சாந்தி