முகமூடி மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வெள்ளை இனவெறி இயக்கமான கூ க்ளக்ஸ் கிளான் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்துகிறது: வெறியர்கள் மதத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டார்களாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கு அது ஆறுதலான வரிதான். ஆனால் 1920களில் அமெரிக்காவில் நடந்ததற்கு அது பொருந்தவில்லை.

1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மேல் சிலுவையைக் கொளுத்தி அந்த இயக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்த வில்லியம் சிம்மன்ஸ் ஒரு முன்னாள் மெதடிஸ்ட் (புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்று) பிரசங்கியார். கறுப்பின மக்களோடு கத்தோலிக்கர், யூதர், வந்தேறிகள் எல்லாரும் அவர்களுக்கு எதிரிகள். புராட்டஸ்டண்ட் சபைகளில் ஆராதனை நடக்கும்போதே கிளான்காரர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையாக உள்ளே வந்து, போதகர் கையில் காணிக்கை உறையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்க மறுத்தவர்கள் உண்டு. நன்றி சொல்லி வாங்கியவர்களும் நிறையப் பேர். நியூ ஜெர்ஸியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சபையை நிறுவிய பேராயர் ஆல்மா ஒயிட், கிளானைப் பற்றி வேதத்திலேயே முன்னறிவிப்பு இருக்கிறது என்று 1925இல் புத்தகமே போட்டார்.

அலபாமாவின் பர்மிங்காமில் நடந்ததைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. எட்வின் ஸ்டீஃபன்சன் மெதடிஸ்ட் போதகர், கிளான் உறுப்பினர். கத்தோலிக்கராக மாறிய அவர் மகள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நடத்தி வைத்தவர் ஜேம்ஸ் கொயில் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அன்றே, 1921 ஆகஸ்ட் 11 மாலை, வராந்தாவில் இருந்த பாதிரியாரைப் பெண்ணின் அப்பா சுட்டுக் கொன்றார். வழக்கில் அறை வெளிச்சத்தைக் குறைத்து, மாப்பிள்ளையின் நிறம் இன்னும் கறுப்பாகத் தெரியும்படி ஜூரிகளுக்குக் காட்டினார்கள். போதகர் விடுதலை! அவருக்காக வாதாடிய ஹியூகோ பிளாக் அப்புறம் கிளானில் சேர்ந்தார், 1937இல் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.

சரி, எல்லாப் போதகர்களும் அப்படியா? இல்லை. டெட்ராய்ட்டில் ரைன்ஹோல்ட் நீபர் என்ற போதகர் 1925இல் கிளானை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஊர்ப் பக்கம், 1930களின் கடைசியில் சார்லஸ் காக்லின் யூதர்களுக்கு எதிராக வானொலியில் முழங்கினார். அவர் கத்தோலிக்கப் பாதிரியார்! அடி வாங்கிய தரப்பிலிருந்தே அப்படி ஒருவர்.

2012இல் பர்மிங்காமில் மெதடிஸ்ட் பேராயர் ஒருவர் கொயில் கொலைக்காக ஒப்புரவு ஆராதனை நடத்தினார். கட்டுரை நூலாகும்போது, அந்த முகமூடி வரியை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.