டிவிக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

கானாடுகாத்தான்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி இப்போது தேவலையா? பேத்திக்குக் காதுகுத்துத் தேதி குறித்ததும் சொல்லு, நாங்கள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். இங்கே எல்லோரும் சுகம். கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது.

டிவிக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்ததைக் கேள்விப்பட்டு, தேவகோட்டை வீட்டுக்கும் அதேபோல ஒன்று வேண்டும், என்ன வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். அதில் எதைப் பார்க்கப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். யூடியூபும் மாதச் சந்தா கட்டும் ஆப்களும்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம், டிவியில் சொருகுகிற ஸ்டிக் ஒன்று போதும். அந்த ஆப்காரர்கள் தாங்கள் சான்று கொடுத்த கருவிகளில்தான் 4கே படம் தருவார்கள். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச சிஸ்டம்) போட்டு நாமாகச் சேர்த்த பெட்டியில் அதே படம் தரம் குறைந்துதான் வரும்.

என் தேவை வேறு. இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட் கிடந்தது. பூஞ்சை பிடித்த சிலவற்றை ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் யூஎஸ்பி கேப்சர் (கேசட் படத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் கருவி) வைத்து ஏற்றினேன். மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடினால்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. உன் கல்யாணக் கேசட்டும் அதில் இருக்கிறது. உன் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைத்துச் சுழல விட்டிருக்கிறான் வீடியோக்காரன். மீசை அப்போதே அவ்வளவு பெரிது!

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிகளில் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற குட்டி டெஸ்க்டாப்கள் உண்டு. லெனோவா டைனி, டெல் மைக்ரோ என்று சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பிராசஸர் இன்டெல் ஏழாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதே. இப்போது வருகிற 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கியவை. அதைச் சிப்பே தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி ஏழாவதில்தான் முழுமையாக வந்தது. ஆறாவதில் அந்தப் பாரம் பிராசஸர் தலையில் விழும், படம் திக்கும், ஃபேனும் இரைய ஆரம்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், ராம் 4 ஜிபி போதும். மிச்சமாகிற காசில் நல்ல எஸ்எஸ்டி வாங்கு.

உள்ளே போட்டது லிப்ரஎலெக். ‘கோடி’ (Kodi) என்கிற, படம் ஓட்டும் மென்பொருளை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ், இரண்டுமே இலவசம். அதன் சிஸ்டம் பகுதி எழுத முடியாதபடி பூட்டியிருப்பதால், நம் ஊர் கரண்ட் திடீரென்று போனாலும் அவ்வளவு லேசில் கெட்டுப்போகாது. பெட்டி ஆன் ஆகும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் ‘கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகு’ என்று ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டு வை. அப்புறம், ஃபைல் பெயரில் படம் வந்த ஆண்டைச் சேர்த்து எழுது. ஒரே பெயரில் இரண்டு மூன்று தமிழ்ப் படம் இருப்பதால் கோடி புதுப் படத்தின் போஸ்டரைப் பழையதற்கு ஒட்டிவிடும்.

நிஜமான செலவும் சண்டையும் சுவரில்தான். இன்டர்நெட் ஃபைபர் வந்து நிற்பது முகப்பில், டிவி இருப்பது இரண்டாங்கட்டில். நடுவில் வளவு என்கிற முற்றமும், நம் முப்பாட்டன்மார் சுண்ணாம்பில் கட்டிய சுவர்களும். வைஃபை பட்டாலைக் கூடத்தைத் தாண்டவில்லை. எலக்ட்ரீஷியன் டிரில்லை எடுத்ததும், முட்டை வெள்ளை போட்டுப் பூசிய சுவரில் ஓட்டையா என்று ஆத்தா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவள் சொன்னதும் நியாயம்தான், அந்தப் பூச்சில் சில்லுப் பெயர்ந்தால் அதே மாதிரி ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் பழைய ஒயரிங் போன மரக் கேசிங் கேப்பிங் ஓரமாகவே கேட்-6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, நிலைப்படிக்கு மேலே கொண்டுபோனோம். வெளியே தெரியவே இல்லை. கேபிள் வந்த பிறகு படம் நிற்பதே கிடையாது.

ரிமோட்தான் இன்னும் ஒரு குறை. இந்தக் குட்டி டெஸ்க்டாப்களில் சிஇசி கிடையாது. அதாவது டிவி ரிமோட்டாலேயே பெட்டியையும் இயக்க முடியாது. தனியாக யூஎஸ்பி ரிசீவரும் ரிமோட்டும் வாங்கினேன். “ஒத்தை டிவிக்கு ரெண்டு ரிமோட்டா, நீயே பாத்துக்கோ” என்று ஆத்தா தள்ளி வைத்துவிட்டாள். உன் வீட்டில் அதிகம் பார்க்கப்போவது பெரியவர்கள்தானே? அதனால் உனக்கு ராஸ்பெர்ரி பை 4 என்கிற, ஒரே பலகையில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கச் சொல்வேன். அதில் சிஇசி இருக்கிறது, ஃபேனும் தேவையில்லை, எச்இவிசியும் ஓடும். என்ன, பலகையின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைத்துவிடாதே. கேஸ், பவர் அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்த்தால் பழைய டெஸ்க்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வாங்கியதும் சொல்லு. கல்யாணக் கேசட்டை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன், மெமரி கார்டை நானே தயார் செய்து தருகிறேன். உன் டிவி மாடல் எண்ணை மட்டும் பின்பக்கம் பார்த்து எழுது.

அன்புடன்,
ராமு